தண்ணீர் கேட்ட ஏட்டம்மா

அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் ஏட்டம்மா முதலில் செய்தது, பொங்கி வந்த பாலைப் பார்த்து அடுப்பை அணைத்ததுதான். பிறகு அந்த வீட்டுப் பெண்ணிடம், "கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா. வந்து இப்படி உக்காரு" என்றாள். அவள் உட்கார்ந்த பிறகுதான், விபத்தில் அவள் புருஷன் போய்விட்ட சேதியைச் சொன்னாள். தண்ணீர்ச் செம்பை அவள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தாள்.

சாவுச் சேதி சொல்ல வேண்டுமென்றால் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டம்மாவைத்தான் அனுப்புவார்கள். எந்த வீட்டிலும் முதலில் தண்ணீர் கேட்பாள், பிறகுதான் சேதி. அவள் முகம் அசையாது. இதெல்லாம் ஜீப் டிரைவர் சொல்லித்தான் அவள் கணவரான தையல்காரருக்குத் தெரியும். அவளாக வாய் திறந்ததில்லை.

வீட்டிலும் அதே முகம்தான். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பாள். பிரஷர் வேறு ஏறிக் கிடந்தது.

"அந்த மூஞ்சிய யூனிபார்மோட கழட்டி மாட்டிட்டு வரக் கூடாதா?" என்பார்.

"அதுக்குப் பட்டன் இல்லீங்க. தையல்காரர்தானே, ஒண்ணு வெச்சுக் குடுங்க."

சிரிப்பாள், ஆனால் அழமாட்டாள். உள்ளுக்குள்ளேயே இறுகி இறுகி ஒருநாள் இவள் உடைந்துபோவாளோ என்று அவருக்குப் பயம். தினமும் விளக்கேற்றிச் சாமியிடம் அவர் கேட்டதெல்லாம் அவளுக்கு ஒரு பாட்டம் அழுகை.

ஒரு சாயங்காலம், தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

தையல்காரர் மெஷின் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். "யாருக்கு என்ன ஆச்சு? நம்ம பொண்ணுக்கா? சொல்லிடு தாயே!"

"ஐயோ, எனக்குத் தாகம்ங்க!"

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். வாசல் வாசலாக அவள் பார்த்து வந்த அதே முகம். அவ்வளவுதான், அவர் தோளில் விழுந்து ஓவென்று அழுதாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அவர் துணியே இல்லாமல் தையல் மெஷினைக் கடகடவென்று மிதித்தார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. சேதி சொல்லிவிட்டு வரும் நாளெல்லாம் அவள் அழுவாள், அவர் வெறும் மெஷினை ஓட்டுவார். "அண்ணனுக்கு இப்பல்லாம் ஆர்டர் ஜாஸ்தி போல!" என்று பக்கத்து வீட்டுக்காரி கண் வைத்தாள். பல் கடிப்பது நின்றே போனது. சாமி காது கொடுத்துவிட்டார் என்று தையல்காரர் நம்பினார்.

ரிட்டயர் ஆன பிறகு இதய ஆபரேஷனுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவர் கையைப் பிடித்துச் சொன்னாள்: "யாராவது வந்து தண்ணி கேட்டா, முதல்ல உக்காந்துக்கங்க. மெஷின் மிதிக்க ஆளில்லையேன்னு அழுகைய அடக்காதீங்க. பக்கத்து வீட்டுக்குக் கேட்டா கேக்கட்டும்."