நாற்பத்தொரு படி

என் மேசை லாச்சிக்குள் ஓர் அட்டை கிடக்கிறது. உள்ளங்கை அளவு, தடித்த பழுப்புத் தாள், மேல் ஓரத்தில் ஊசி குத்திய துளை. ஒரு பக்கத்தில் குதிரை வண்டி ஒன்றின் படம். மறுபக்கத்தில் ‘எங்களுடன் தங்கியது எப்படி இருந்தது?’ என்று ஆங்கிலத்தில் கேட்டு, கீழே எட்டுக் கோடு போட்டிருக்கிறார்கள். எட்டுக் கோட்டிலும் தமிழ் எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. கடைசியில் ‘உங்களுக்கு உதவிய பணியாளர்’ என்றொரு கட்டம். அதற்குள் மட்டும் ஆங்கிலத்தில் டேவிட் என்று எழுதியிருக்கிறது. அந்த டேவிட் நான்தான், என் பெயர் அதுவல்ல என்றாலும். மூன்று தரம் வீடு மாறியபோதும் இதை எறிய நினைத்தேன், எறியவில்லை. லாச்சியைத் திறக்கும்போது கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு எனக்கு இருப்புக் கொள்ளாது. எழும்பி நடப்பேன், தேத்தண்ணி போடுவேன், போட்டதைக் குடிக்க மறந்துவிடுவேன்.

லண்டனுக்கு வந்த புதிதில், ஆற்றுக்குத் தெற்கே இருந்த ஒரு பழைய விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். பல நூறு வருடத்துக் கட்டடம். ராசாவின் குதிரைகள் அந்த முற்றத்தில் தண்ணீர் குடித்தன என்று கையேட்டில் போட்டிருந்தது. குதிரைகளுக்குக் கிடைத்த உபசாரம் மனிதர்களுக்குக் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. தரை சரிவு, சன்னல் மூடாது, குழாயைத் திறந்தால் முதலில் இருமும், பிறகு பழுப்பாய்த் தண்ணீர் வரும். யாராவது முறையிட்டால், இது பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை என்று சொல்லும்படி மனேஜர் எங்களைப் பழக்கியிருந்தார். மனேஜர் கெட்ட மனிதர் இல்லை. எப்போதும் சிரித்தபடி இருப்பார், எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். என் பெயரை இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு டேவிட் என்று ஒரு பட்டியை என் சட்டையில் குத்திவிட்டவரும் அவர்தான்.

அந்தப் பட்டி எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நேரம் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மகன் லண்டனில் ஹோட்டல் மனேஜர் என்று அம்மா பெண் வீட்டாருக்குச் சொல்லி வைத்திருந்தா. மகனோ பெட்டி தூக்கிக்கொண்டு மாடி ஏறிக்கொண்டிருந்தான். எங்கள் ஆட்கள் ஒருவரை அறிய ஊர், தகப்பன், வேலை என்று மூன்று கேள்வி போதும். ஊரிலை எவடம், ஆற்றை மகன், எங்கை வேலை. மூன்றாவதற்கு மறுமொழி வருமுன்னரே செய்தி லண்டனில் இருந்து ரொறன்ரோவுக்குப் போய்த் திரும்பிவிடும். ஆகவே தமிழ் முகம் ஒன்று அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் நான் டேவிட் ஆகிவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த அட்டையை எழுதிய அம்மா வந்தா. அறுபது வயது இருக்கும். சேலைக்கு மேலே தடித்த குளிர்க் கோட்டு, கையில் மகள் அச்சிட்டுக் கொடுத்த பதிவுத் தாள். பின்னால் அவவுடைய கணவர், பொல்லை ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். டென்மார்க்கில் இருந்து வந்திருந்தார்கள். சொந்தக்காரர் இருக்கும் ஊரில் எங்கள் ஆட்கள் விடுதியில் தங்கினால் அதற்குள் ஒரு கதை இருக்கும். கதை எனக்கு உடனே கிடைத்தது, ஏனென்றால் எனக்கு விளங்காது என்று நினைத்து அவர்கள் என் முன்னால் நின்றே பேசினார்கள். ஐயாவின் அண்ணர் பக்கத்து ஆஸ்பத்திரியில் கடைசி நிலையில் கிடந்தார். அண்ணரின் பிள்ளைகளோடு ஏதோ பழைய கோபம், அந்த வீட்டில் நிற்க ஏலாது. அண்ணர் மட்டும் தம்பியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அந்த அம்மா என் பட்டியைப் பார்த்தா, பிறகு என் முகத்தைப் பார்த்தா. “தம்பி தமிழே? ஊரிலை எவடம்?” என்று கேட்டா. நான் விளங்காத மாதிரி “சொறி மேடம்?” என்றேன். அவ உடைந்த ஆங்கிலத்தில், கீழ் அறை என்றுதான் பதிந்தோம், இவருக்கு முழங்கால் ஏலாது என்று தாளைக் காட்டினா. தாளில் அப்படித்தான் இருந்தது. விடுதியில் கீழ்த்தளத்தில் இருந்தது ஒரேயோர் அறை. அதை ஒரு பழைய வாடிக்கையாளருக்காக மனேஜர் பூட்டி வைத்திருந்தார். அவர் வருவது வியாழக்கிழமை. மூன்று நாள் சும்மா கிடக்கப் போகிற அறை என்று எனக்குத் தெரியும். அதில் ஆள் இருக்கிறது என்று நான் சொன்னேன்.

மூன்றாம் மாடிக்கு நாற்பத்தொரு படி. லிப்ட் இல்லை. படிகள் ஒன்றுக்கொன்று உயரம் வேறு, நடுவில் ஒரு வளைவு, அதில் பிடிக்கக் கைப்பிடியும் இல்லை. பாதி வழியில் ஐயா படியிலேயே இருந்துவிட்டார். முகம் வியர்த்துப் போயிருந்தது. நான் பெட்டிகளோடு பின்னால் நின்றேன். “மேலை போய்க் கொஞ்சம் சுடுதண்ணி கிடைச்சால் மருந்தைக் குடிக்கலாம்” என்றார் அவர். “கேட்டால் உந்தப் பெடிக்கு விளங்காதப்பா, விடுங்கோ” என்றா அந்த அம்மா. அறையில் இருந்த கேத்தல் பழுது, அதுவும் எனக்குத் தெரியும். அரை மணித்தியாலம் கழித்துச் சமையலறையில் ஒரு பிளாஸ்கில் சுடுதண்ணீர் நிரப்பிக் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். யாரும் கேட்காத சுடுதண்ணீர். அந்த அம்மா பிளாஸ்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு “தாங்க் யூ” என்றா. நான் செய்த பிழை அப்போது எனக்கு உறைக்கவேயில்லை. நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டேன் என்ற நினைப்பில் விசில் அடித்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

அடுத்த நாள் ஐயாவின் முழங்கால் வீங்கிவிட்டது. அந்த அம்மா தனியாகவே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனா. காலைச் சாப்பாட்டை அறைக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டதற்கு, அறைக்குக் கொடுக்கிற வழக்கம் இங்கே இல்லை என்றார் மனேஜர். ஆகவே இரண்டு துண்டு ரோஸ்ட் பாணைக் கடுதாசித் துவாயில் சுற்றி அவவே மேலே கொண்டுபோனா. பின்னேரம் திரும்பி வந்து, முதல் படியில் கால் வைக்குமுன் சுவரைப் பிடித்து நின்றா. கைத்தொலைபேசியில் மகளுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. “தம்பி வரேல்லையோ, வரேல்லையோ எண்டுதான் கேட்டுக்கொண்டு கிடக்கிறார் பிள்ளை. நாளைக்கு எப்பிடியும் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.” கீழ் அறைச் சாவி என் முழங்கைக்குப் பக்கத்தில், சுவர் ஆணியில் தொங்கியது. ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் முதல் நாள் சொன்னது பொய் என்றாகிவிடும். அதற்குப் பிறகு அந்த மூன்று கேள்வியும் வரும். நான் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை விடிய அண்ணர் இறந்துவிட்டார். செத்த வீடு என்றால் எங்கள் சனத்துக்குக் கோபம் ஒரு பக்கம் போய்விடும். அண்ணரின் மகனே காரோடு வந்து, சித்தப்பாவும் சித்தியும் எங்கடை வீட்டுக்குத்தான் வரவேணும் என்று நின்றான். ஐயா இறங்கி வந்தார். இறங்கினார் என்று சொல்வது சரியில்லை. படியில் இருந்து, இரண்டு கையையும் ஊன்றி, நகர்ந்து நகர்ந்து, நாற்பத்தொரு படியும் அப்படியே வந்தார். ஒரு பக்கம் அண்ணரின் மகன் பிடிக்க, மறு பக்கம் நான் பிடித்தேன். அவர் அழவில்லை. “அண்ணையிட்டை இப்பிடிப் போயிருக்கலாம்” என்று மட்டும் ஒரு தரம் சொன்னார். கீழே வந்து சுவரோரம் கிடந்த வாங்கில் இருத்தினால், நேர் எதிரே கீழ் அறைக் கதவு திறந்து கிடந்தது. வியாழக்கிழமை விருந்தாளிக்காகக் காற்றோட்டம் விட்டிருந்தார்கள். விரித்த கட்டில், வெள்ளை உறை, மேசையில் பூ. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

மனேஜர் கருத்து அட்டையை நீட்டாமல் யாரையும் வெளியே விடமாட்டார். அன்றைக்கும் நீட்டினார். அந்த அம்மா மறுப்பா என்று நினைத்தேன். அவ வாங்கி, நின்ற நிலையில், மேசையில் வைத்து நிதானமாக எழுதிக் கொடுத்தா. மனேஜர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேவிட் என்ற ஒரு சொல்தான் அவருக்குப் புரிந்தது. முகம் மலர்ந்து, இது உன் மொழிதானே, என்ன எழுதியிருக்கிறா என்று என்னிடம் கேட்டார். அந்த அம்மா இரண்டடி தள்ளி நின்றா. நான் வாசித்தேன்.

‘கீழ் அறை என்று பதிந்தோம், மூன்றாம் மாடி தந்தீர்கள். என் கணவர் ஏறினார், இறங்க முடியவில்லை. தன் அண்ணரை உயிரோடு பார்க்கவில்லை. அந்த அறை வெறுமையாக இருந்ததை இன்று கண்டோம். சுடுதண்ணீர் கொண்டுவந்த தம்பிக்கு நாங்கள் கதைத்தது எல்லாம் விளங்கியிருக்கிறது. விளங்கியும் பேசாமல் இருந்ததுதான் மனதுக்குக் கஷ்டம்.’

கட்டடம் மிக அழகு என்கிறா, எல்லோருக்கும் நன்றி என்கிறா என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அளவு ஆங்கிலம் அவவுக்கு விளங்கும். அவ கணவரின் பொல்லை எடுத்துக்கொண்டு வெளியே போனா.

மனேஜர் அந்த அட்டையைப் பணியாளர் அறைப் பலகையில் குத்தி வைத்தார். வேறு மொழியில் வந்த ஒரே பாராட்டு என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். இரண்டு வருடம் அதன் கீழே இருந்துதான் மத்தியானம் சாப்பிட்டேன். வேலையை விட்ட அன்று தாங்க முடியாமல் உண்மையைச் சொன்னேன். மனேஜர் அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. நீ கேட்டிருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேனே என்று சொல்லி, ஊசியைக் கழற்றி அட்டையை என் கையில் தந்தார். கொடுத்திருப்பாரா, இல்லையா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை என்பதுதான் தெரியும். இத்தனைக்கும் நடுவில் அந்தக் கலியாணம் நடந்தது. நான் கட்டிக்காத்த ரகசியத்தைப் பற்றி என் மனைவி முதல் கிழமையே சொன்னா. “நீங்கள் பெட்டி தூக்கிறது எங்களுக்கு அப்பவே தெரியும். அதுக்கென்ன?”

போன மாதம் குரோய்டனில் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருந்தவர், பழைய ஹோட்டல்களை மட்டும் நம்பாதேங்கோ என்று தொடங்கி, தன் சித்தப்பா ஒரு விடுதியின் மூன்றாம் மாடியில் அகப்பட்ட கதையைச் சொன்னார். கடைசியில், “அதிலை ஒரு தமிழ்ப் பெடியனும் நிண்டவனாம், தெரியாத மாதிரி” என்றார். அன்று காரோடு வந்த மகன். தலை நரைத்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. “அது நான்தான்” என்றேன். அவர் கையைச் சோற்றிலிருந்து எடுத்தார். சித்தப்பா போன வருடம் காலமாகிவிட்டார், சித்தி டென்மார்க்கில்தான் இருக்கிறா என்று சொல்லி, அவவுடைய தொலைபேசி இலக்கத்தைத் தந்தார்.

மூன்று கிழமை அந்த இலக்கத்தோடு வீட்டுக்குள் சுற்றி நடந்தேன். நேற்றுப் பின்னேரம் லாச்சியைத் திறந்து, அட்டையை மேசையில் வைத்துவிட்டு அழைத்தேன். டேவிட் என்று ஏன் எழுதினீர்கள், சுடுதண்ணீருக்காகவா, குத்திக் காட்டவா என்று கேட்க வேண்டும் என்றிருந்தது. “ஆர் கதைக்கிறது?” என்றது குரல். அதே குரல்தான், கொஞ்சம் தளர்ந்திருந்தது. லண்டன் விடுதியில் சுடுதண்ணீர் கொண்டுவந்தவன் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேனா என்பதுகூட இப்போது நினைவில்லை. அந்தப் பக்கம் எங்கோ ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. கதிரையை இழுத்து இருந்திருப்பா.

“அண்டைக்கு நான் ஒண்டு கேட்டனான்” என்றா. “நீர் இன்னும் மறுமொழி சொல்லேல்லை. ஊரிலை எவடம் தம்பி?”

நான் ஊரைச் சொன்னேன். ஆற்றை மகன் என்று அவ கேட்கும்வரை காத்திராமல், அப்பாவின் பெயரையும் சொன்னேன்.