பி.ஏ. இல்லாத எம்.ஏ.

எர்ணாகுளம் பிராட்வேயில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. பட்டம் வாங்கியவர்கள் படம் எடுத்துக்கொள்ள அங்கே ஒரு கறுப்பு அங்கியும் தொப்பியும் வாடகைக்கு வைத்திருந்தார்கள். ஊரே போட்டு வியர்த்த அங்கி. கிட்டப் போனாலே வாடை வரும். எழுபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் ஏறி டீச்சரோடு நானும் போயிருந்தேன். பட்டுப் புடவைக்கு மேல் அந்த அங்கியை மாட்டிக்கொண்டு, பின்னலை முன்னால் விடுவதா பின்னால் விடுவதா என்று தெரியாமல் டீச்சர் திண்டாடினார். "நன்னாருக்கோடி? இல்லே, காக்கா மாதிரி இருக்கோ?" என்று கேட்டார். "ஜட்ஜ் மாதிரி இருக்கேள்" என்றேன். நாற்பதைத் தொடப்போகிற மனுஷி, சின்னப்பெண் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

மட்டாஞ்சேரியில் ஒரே பள்ளிக்கூடத்தில் நாங்கள் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் ஆங்கிலம். வீட்டில் தமிழும் வகுப்பில் மலையாளமுமாக வாழ்கிற ஒரே ஜாதி ஆட்கள் என்பதால் ஸ்டாஃப் ரூமில் எங்களுக்கு அடுத்தடுத்த நாற்காலி. டீச்சர் பத்தாம் வகுப்போடு ஆசிரியப் பயிற்சிக்குப் போய், அப்பா இறந்ததும் வேலைக்கு வந்தவர். சட்டப்படி அவருக்கு ஐந்தாம் வகுப்புதான். ஆனால் ஹைஸ்கூலில் ஆங்கிலம் எடுக்க வேண்டிய வாத்தியாருக்கு, எங்கள் ஊர் வழக்கில் மாஷுக்கு, ஆஸ்துமா. ஆஸ்துமாவைவிடச் சோம்பல் அதிகம். ஆகவே டைம்டேபிளில் மாஷின் பெயர் இருக்கும், பத்தாம் வகுப்பில் டீச்சர் இருப்பார். இன்ஸ்பெக்ஷன் நாளில் மட்டும் ஆளை மாற்றிவிடுவார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் மாஷ் பத்தாம் வகுப்புக்குப் போவார், டீச்சர் ஐந்துக்கு இறங்குவார். ஒரு தடவை இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பெண் எழுந்து, "எங்க டீச்சர் இப்படிச் சொல்லித் தரலியே" என்று கேட்டுவிட்டாள். அதற்காக மாஷ் பல நாள் டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் யாருக்கு யார்மேல் வர வேண்டும், சொல்லுங்கள்! "சாரமில்லை, போட்டும்" என்று மலையாளத்திலேயே தள்ளிவிட்டார் டீச்சர். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் டீச்சருக்கும் ஓர் ஆசை இருந்தது. மாஷ் ரிட்டையர் ஆனதும் அந்த வேலை தனக்கு வர வேண்டும். இத்தனை காலம் இன்னொருவர் பெயரில் எடுத்த வகுப்பைத் தன் பெயரில் எடுக்க வேண்டும். அதற்கு டிகிரி வேண்டும், அதன்மேல் பி.எட். வேண்டும். ப்ரீ டிகிரியில் தொடங்கிப் படிப்படியாக ஏறினால் அதற்குள் மாஷ் போய், வேறு யாராவது வந்துவிடுவார்கள். அந்தச் சமயத்தில்தான் தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் வழி திறந்தது. வயது நிரம்பியவர்கள் ஒரு நுழைவுத் தேர்வு எழுதினால் பி.ஏ. இல்லாமலேயே தபாலில் எம்.ஏ. படிக்கலாம். டீச்சருக்குச் சந்தேகம்தான். ஹெட்மாஸ்டரிடம் போய்க் கேட்டார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டீச்சரே, நூறு ரூபாய் நோட்டு வைத்திருக்கிறவளிடம் பத்து ரூபாய் இருக்கிறதா என்று யாராவது கேட்பார்களா?" என்றார். ஸ்டாஃப் ரூம் முழுக்க ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. அவர்கள் யாரும் நூறு ரூபாய் நோட்டை பஸ் கண்டக்டரிடம் நீட்டிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

டீச்சர் படித்ததைப் படிப்பு என்று சொல்லக் கூடாது, தவம். மிளகு கோடவுன்களின் நெடி ஏறிய அந்த வீட்டில், படுக்கையில் கிடந்த அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே மடியில் ஆங்கில நாடகத்தை விரித்து வைத்திருப்பார். மே மாத லீவில் எல்லாரும் ஊருக்குப் போகும்போது அவர் கோயம்புத்தூருக்கு வகுப்புக்குப் போனார். செகண்ட் க்ளாஸில் பாஸானார். ஸ்டாஃப் ரூமில் லட்டு கொடுத்தார். அதற்கப்புறம்தான் அந்தப் போட்டோ.

பி.எட். விண்ணப்பத்தைக் கொடுக்க எர்ணாகுளத்தில் ஒரு காலேஜுக்குப் போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா நல்ல மனுஷர். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "எம்.ஏ. உண்டு. பி.ஏ. எவிடெ டீச்சரே?" என்று கேட்டார். டீச்சர் கையிலிருந்த பையையே பார்த்தார். வீட்டில் மறந்து வைத்துவிட்டார் என்று நினைத்து அவர் சிரித்தார். "பரவாயில்லை, நாளைக்குக் கொண்டுவந்தால் போதும்." அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அத்தனை வலித்திருக்காது. இல்லாத பி.ஏ.வை நாளைக்கு எங்கிருந்து கொண்டுவருவது? விஷயத்தைச் சொன்னதும் அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். பி.ஏ. இல்லாமல் பி.எட். இல்லை, எம்.ஏ.வைப் பார்க்கவே மாட்டார்கள். திரும்பி வரும்போது போட்டில் நான்தான் வாய்க்கு வந்தபடி எல்லாரையும் திட்டிக்கொண்டு வந்தேன்.

மாஷ் ரிட்டையர் ஆகி, மாலை போட்டுக்கொண்டு போனார். அவர் இடத்துக்கு வந்தவள் டீச்சரிடமே பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் படித்தவள். தேர்ட் க்ளாஸ் பி.ஏ., பி.எட். அவளைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதை தெரிந்த பெண். இடைவேளையில் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சரே, இதொண்ணு சொல்லித் தருவேளா?" என்று நிற்பாள். டீச்சரும் சொல்லிக் கொடுப்பார். அவள் அதை அப்படியே கொண்டுபோய் ஒப்பித்துவிட்டு வருவாள். ஹெட்மாஸ்டர் இதையெல்லாம் கண்டும் காணாத மாதிரி இருந்தார்.

அடுத்த வருஷம் அவள் பிரசவ லீவில் போனாள். பரீட்சை நெருங்குகிறது, பத்தாம் வகுப்புக்கு ஆளில்லை. ஹெட்மாஸ்டர் ஸ்டாஃப் ரூமுக்கே வந்து, "டீச்சர்தான் ரட்சிக்க வேண்டும்" என்று குழைந்தார். டீச்சர் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். "என்னிடம் பி.ஏ. இல்லையே சார். தகுதி உள்ளவர்களைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு ஐந்தாம் வகுப்புக்கு நடந்தார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அந்த ஆள் முகத்தில் ஈயாடவில்லை.

சந்தோஷம் சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான் மறைப்பு. ஆங்கில பீரியட்கள் இரண்டிலும் ஆளில்லாத வகுப்பு இரைந்துகொண்டிருந்தது. மத்தியானம் சில பெண்கள் வாசலில் வந்து, "டீச்சரே, எங்களுக்கு எடுக்க வரலியா?" என்று கேட்டார்கள். டீச்சர் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தார், திரும்பவில்லை. மணி அடித்தபின் நான் போனபோது கண் சிவந்திருந்தது. "அவரை ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேண்டி," என்றார். "பாத்தா, இந்தக் குட்டிகளைன்னா தோக்கடிச்சுண்டு இருக்கேன்."

மறுநாள் முதல் பீரியடில் பத்தாம் வகுப்புக்குப் போனார். அந்த வருஷமாவது டைம்டேபிளில் அவர் பெயரைப் போடுங்கள் என்று நான் ஹெட்மாஸ்டரிடம் சண்டை பிடித்தேன். அது சட்டத்துக்கு ஒத்துவராது என்றார். லீவில் போனவளின் பெயரிலேயே டீச்சர் அந்தக் குழந்தைகளைப் பரீட்சைக்கு அனுப்பினார்.