சத்தம் போடாத மோட்டார்சைக்கிள்

பேத்தி வாங்கிய மின்சார மோட்டார்சைக்கிளுக்குக் கிள்ளான் கோயிலில் பூசை போட்டோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. எனக்கு அதன் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

“வேணாம் லா! வயசாச்சும்மா, விழுந்துடுவீங்க,” என்றான் மகன்.

“சரிப்பா, போட்டோவுக்கு மட்டும் உட்கார்றேன்,” என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். மகன் ஐயரிடம் பேசத் திரும்பினான்.

“ஓட்டுடி,” என்றேன் பேத்தியிடம். பழம் நசுங்கியது. வண்டி மூச்சுகூட விடவில்லை. நாங்கள் தெருமுனை தாண்டும்வரை மகன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

முகத்தில் காற்று அடித்ததும் இறந்துபோன என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. அவருடைய பழைய வண்டி போடும் இரைச்சலில், பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேரும்வரை முதுகுக்குப் பின்னாலிருந்து அவரைத் திட்டிக்கொண்டே போவேன். ஒன்றும் காதில் விழாமலே தலையை ஆட்டுவார். இடையில் ஆசையாகவும் ஏதாவது சொல்வேன். அதற்கும் அதே தலையாட்டல்தான்.

அப்படிச் சொன்னதில் ஒன்றை இப்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

“என்ன பாட்டி?” என்றாள் பேத்தி உடனே.

“உன்கிட்டச் சொல்லலடி. ரோட்டப் பாத்து ஓட்டு.”