கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே

எழுபதுகளில், புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம், நான் தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். உப்பளத்தில் ஏற்றி, துறைமுகத்தில் இறக்கி, வெறும் வண்டியாகத் திரும்பி வந்து மறுபடி ஏற்ற வேண்டும். நடைக்குத்தான் கூலி என்பதால் எல்லா டிரைவர்களுக்கும் அவசரம். எனக்குக் கூலியே இல்லையென்றாலும் அவசரம்தான். சோறு வைப்பதற்குள் இலையை விட்டு இரண்டு தடவை எழுந்துவிடுவேன். கெட்டிமேளம் கொட்டுவதற்கு முன்பே தாலியைக் கட்டிவிட்டேன் என்று என் மனைவி இன்றைக்கும் குறை சொல்கிறாள்.

துறைமுகச் சாலையில் ‘வேகம் 30 கி.மீ.’ என்று ஒரு பலகை வைத்தார்கள். பலகை பாட்டுக்கு நின்றது, நாங்கள் பாட்டுக்குப் போனோம். பிறகு போலீஸ் வந்தது. சாலையோரம் நூற்றைம்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு கற்களை நட்டு வெள்ளையடித்தார்கள். துறைமுகத்திலிருந்து திரும்பும் லாரி முதல் கல்லைத் தாண்டும்போது ஒரு கான்ஸ்டபிள் கைக்குட்டையை ஆட்டுவார். இரண்டாம் கல்லில் நிற்கும் ஏட்டையா அதைப் பார்த்துக் கையிலுள்ள கடிகாரத்தைத் தட்டி ஓடவிடுவார். பதினெட்டு விநாடிக்கு முன்னால் அவரிடம் போய்ச் சேர்ந்தால் வழக்கு.

எனக்கு மூளை வேலை செய்வது அபூர்வம். அன்றைக்குச் செய்துவிட்டது. முதல் கல்லில் ஒன்று என்று தொடங்கி, நிதானமாகப் பதினெட்டு வரை எண்ணிக்கொண்டே ஓட்டினால், எவனும் பிடிக்க முடியாது. இதை டீக்கடையில் எல்லா டிரைவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரம் எனக்கு ஓசி டீ. கற்களுக்கு நடுவே நாங்கள் தேர் நகர்வது போல நகர்வோம். இரண்டாம் கல் தாண்டியதும், விட்ட நேரத்தைப் பிடிக்க ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிப்போம். முன்பு அறுபதில் போன இடத்தில் இப்போது எழுபது.

அந்த இடத்தில்தான் உப்புச் சுமக்கும் பெண்கள் சாலையைக் கடப்பார்கள். பாத்திகள் ஒரு பக்கம், உப்பைக் குவிக்கும் மேடு மறுபக்கம். அவர்களில் என் மனைவியும் ஒருத்தி.

ஆனி மாதம் கச்சான் காற்று தொடங்கியதும் அவள் சொன்னாள்: “மேக்கேயிருந்து காத்து அடிக்கி. நீங்க கிழக்கேயிருந்து வாரிய. வண்டி சத்தம் எங்க காதுக்கு வரவே மாட்டேங்கு. தலையில சுமையோட கழுத்தைத் திருப்பவும் முடியாது. என்னைக்காவது ஒருத்தி சக்கரத்துல மாட்டப் போறா.”

“ஏளா, நான் சட்டப்படி வாரேன். பதினெட்டு எண்ணுதேன்லா?”

“பத்தொம்பதுல நாங்க நிக்கோம்லா?”

நான் சிரித்தேன். நல்ல பதிலாக இருந்ததே என்று சிரித்தேன். அது நகைச்சுவை இல்லை என்பது அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாரமே ஏட்டையா என்னை மடக்கினார். “பதினாலு!” என்றார் கடிகாரத்தைக் காட்டி.

“இல்லய்யா, பதினெட்டு எண்ணிட்டேனே!”

“நீ எண்ணுனியா? எங்க, எண்ணு பாப்போம்.”

எண்ணினேன். பதினெட்டைத் தொட்டபோது கடிகாரத்தில் பதினொன்று. கான்ஸ்டபிள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஊருக்கெல்லாம் நிதானமாக எண்ணச் சொல்லிக்கொடுத்தவனுக்கு நிதானம் வரவில்லை. ஏற்கெனவே இரண்டு வழக்கு இருந்ததால் கோர்ட்டில் லைசென்ஸை ஒரு மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் நான் பட்ட பாடு வீட்டுக்குத்தான் தெரியும். கட்டிலில் உட்கார்ந்து இல்லாத கிளட்சை மிதித்தேன். கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்து மறுபடி காயப்போட்டேன். மூன்றாம் நாள் மனைவி, “ஒங்களைப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்குக் கிறுக்கு பிடிச்சிரும். வாங்க, ஓலப்பெட்டி சுமங்க” என்று அளத்துக்கு அழைத்துப் போனாள். உப்பு வாருவது பழகிய ஆண்களின் வேலை. எனக்கு அது தெரியாது. பெண்கள் வரிசையில் கடைசி ஆளாக என்னை நிறுத்தினார்கள்.

“ஏளா, ஒன் மாப்பிள்ளைக்கு ஒரு கண்டாங்கிச் சேலை எடுத்துக் குடு!” என்றாள் ஒருத்தி. என்னைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். ஏன், நானும் சிரித்தேன். சிரித்ததில் பெட்டி சரிந்து பாதி உப்பு முதுகில் இறங்கியது.

ஈர உப்பு நிறைந்த பெட்டி தலையில் ஏறிய பிறகு, உலகம் என்பது முன்னால் போகிறவளின் குதிகால்தான். பெட்டியிலிருந்து வடியும் தண்ணீர் கண்ணைக் கரிக்கும். வெள்ளைப் பாத்திகளின் கூச்சம் வேறு. கழுத்தைத் திருப்பினால் சுமை சரியும். ஒரே சீராக நடக்க வேண்டும். எனக்கு வராதது அது ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் காலை, பத்து மணி இருக்கும். சாலையில் ஏறினோம். எனக்கு முன்னால் மனைவி. காற்று வலது காதில் உறுமிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை. தார் ரோட்டில் நான்கு அடி வைத்திருப்பேன். அவள் சட்டென்று நின்றாள். இடது கையைப் பின்னால் வீசி என் நெஞ்சில் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். நான் மல்லாக்க விழுந்தேன். அவளுடைய பெட்டி மட்டும் லாரியோடு போய், முப்பது அடி தள்ளி உப்பாகக் கிடந்தது. அவள் துள்ளிப் பின்வாங்கிச் சாலை விளிம்பில் நின்றிருந்தாள். லாரி எழுப்பிய காற்று அவள் சேலையை இன்னும் விடவில்லை.

சத்தம் கேட்காததால், தரை அதிர்வதைக் கால் வழியாகத்தான் தெரிந்துகொள்வார்களாம். நான் வண்டி ஓட்டிய அத்தனை மாதமும் அவள் இப்படித்தான் உயிரோடு வீடு வந்திருக்கிறாள்.

லாரியை நிறுத்திவிட்டு ஓடிவந்தவன் என் கூட்டாளி. முகம் வெளுத்திருந்தது. “ஏலே, நீயா? நான் கல்லுக்குள்ள சரியாத்தாம்ல வந்தேன். நீ சொன்ன மாதிரி எண்ணித்தாம்ல வந்தேன்!”

அவனைத் திட்ட வாய் திறந்தேன். எதைச் சொல்லித் திட்டுவது? டீக்கடையில் பாடம் நடத்தியவன் நான்.

மத்தியானமே ஏட்டையாவிடம் போனேன். “ஐயா, அந்த ரெண்டு கல்லையும் இருநூறு மீட்டர் மேக்க தள்ளி நடுங்க. பொம்பளையாளுக கடக்கிற எடம் நடுவுல வரட்டும்.”

ஏட்டையா உடைமரத்தில் சாய்ந்தபடி மேலே பார்த்தார். “என்னடே, ஆனி வெயில்ல அங்கன நின்னு நான் கருவாடா ஆகவா? இந்த ரோட்டுல இருக்கதே இந்த ஒரு மரந்தான்.”

சட்டம் ஏன் அந்த இடத்தில் நின்றது என்று அப்போதுதான் விளங்கியது. அதிகாரிகள் வரைபடம் வைத்து ஆராய்ந்திருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். மறுநாள் உப்பு அம்பாரத்தை மூட வைத்திருந்த பனை ஓலையில் கொஞ்சம் கேட்டு வாங்கி, பெண்கள் எல்லாருமாகச் சேர்ந்து, கடக்கும் இடத்துக்குச் சற்று மேற்கே ஒரு பந்தல் போட்டார்கள். ஒரு பானைத் தண்ணீரும் வைத்தார்கள். ஏட்டையா வந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். சாயங்காலம் கற்கள் இடம் மாறின.

பதினாறு நாள் அந்தச் சாலை சொர்க்கம். லாரிகள் பெண்களுக்கு முன்னால் பூனை போல வந்தன. டீக்கடையில் மட்டும் என்னோடு யாரும் பேசவில்லை. “காட்டிக்குடுத்த பய” என்று என் கூட்டாளியே முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வேகத்தைச் சட்டம் போட்டுக் குறைக்க முடியாது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கண்ணால் பார்த்திருக்கிறேன். பதினேழாம் நாள் கச்சான் காற்று பந்தலைப் பிய்த்துக் கடலில் போட்டது. மறுபடி கட்ட ஓலை தர அளத்துக்காரர் மறுத்துவிட்டார். ஏட்டையா மரத்துக்குத் திரும்பினார். கற்களும் கூடவே போயின. மறுநாள் காலை லாரிகள் பழைய வேகத்தில் வந்தன. அதையும் கண்ணால் பார்த்தேன்.

என் லைசென்ஸ் கைக்கு வந்தது அதற்கு அடுத்த நாள். முதல் நடை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினேன். முதல் கல், இரண்டாம் கல். ஏட்டையா கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். முன்னால் சாலை காலி, காற்று எதிரே. உடம்பெல்லாம் ‘மிதி, மிதி’ என்றது. யாரும் பார்க்கவில்லை, கேட்க ஆளும் இல்லை. உண்மையைச் சொன்னால், ஒரு நொடி மிதித்தும்விட்டேன்.

தூரத்தில் பெண்கள் வரிசை சாலையில் ஏறியது. பிரேக்கை அழுத்தி வண்டியை முழுசாக நிறுத்தினேன். ஹாரன் அடிக்கவில்லை, பயந்து யாராவது திரும்பினால் சுமை சரியும். ஒருத்தி, இரண்டு பேர், மூன்று பேர்… இவ்வளவு மெதுவாகவா நடப்பார்கள்? பின்னால் நின்ற லாரிக்காரன் என் அம்மாவை இழுத்துத் திட்டினான். எட்டாவதாக என் மனைவி கடந்தாள். நேரே பார்த்தபடி, என் பம்பருக்கு இரண்டு முழம் முன்னால்.

மத்தியானம் வீட்டில் சோறு வைத்தபடி சொன்னாள்: “இன்னைக்கு ஒரு லாரி எங்க எல்லாரும் போற வரைக்கும் நின்னுச்சி. யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்.”

“நான்தான் அது” என்றேன்.

கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“பொய் சொல்லாம சாப்பிடுங்க. அவ்வளவு நேரம் நீங்க நிப்பியளாக்கும்?”