சகலைகள் பார்க்காத சிங்கம்

சுற்றுலா ஏற்பாடு செய்து கொடுக்கும் தொழில் என்பது, நாம் போகாத ஊருக்கு, போக விரும்பாத ஆட்களை, அவர்கள் சொந்தக்காரர்கள் வயிறெரியும்படி அனுப்பி வைப்பது.

எங்கள் அலுவலகம் தென்காசி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் இருக்கிறது. முன்னெல்லாம் காசி, கயா என்று புண்ணியத்துக்கு ஆள் அனுப்பினோம். இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அனுப்புகிறோம். ஜவுளிக் கடையில் மடித்த சேலையை மறுபடி மடிக்கிறவர்களே, வங்கியில் "பேனா இருக்கா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே வயதானவர்களே, உங்களுக்கு இது புரியும். புரியாதவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள். அவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மாடு ஆத்தைக் கடக்குது

வந்த இருவரும் சகலைகள். அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள். பெரியவர் பரமசிவம், ஆலங்குளத்துக்காரர், போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்னவர் வேலுச்சாமி, பட்டாளத்தில் சுபேதாராக இருந்துவிட்டு வந்து குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவர். அவர்களுக்குப் பின்னால் மனைவிமார், சண்முகத்தாயும் பகவதியும். அலுவலகத்தில் இரண்டு நாற்காலிதான் காலியாக இருந்தது. அதில் யார் உட்கார்ந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சொந்தக்காரன் ஒருவன் ஸ்விட்சர்லாந்து போய்ப் பனியில் புரண்டு ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறான். அவன் வாயை அடைக்கிற மாதிரி ஓர் ஊர் வேண்டும் என்றார்கள். கென்யாவைச் சொன்னேன். மசாய் மாராவில் காட்டு மிருகங்களைப் பார்ப்பது, அங்கிருந்து சின்ன விமானத்தில் டியானி கடற்கரைக்குப் போய் ஓய்வெடுப்பது. ஆடி, ஆவணியில் போனால் லட்சக்கணக்கான காட்டு மாடுகள் முதலைகள் காத்திருக்கும் ஆற்றைக் கூட்டமாகக் கடப்பதைப் பார்க்கலாம் என்று வீடியோவையும் போட்டுக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, "மாடு ஆத்தைக் கடக்கதுக்கு ஆப்பிரிக்கா போகணுமா? தாமிரபரணியில தெனமும் கடக்குது" என்றார். சுபேதாருக்கு வேறு கவலை. ஆடியில் குற்றாலத்தில் சீசன். சாரல் விழுகிற நேரத்தில் லாட்ஜை விட்டு நகர முடியாது. நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்த மாடுகளை ஐப்பசியில கடக்கச் சொல்ல முடியாதாம்மா?"

குளிக்க முடியாத அருவி

ஒருவழியாக, லாட்ஜைத் தம்பி மகன் பார்த்துக்கொள்வான் என்று முடிவாகி மறுபடி வந்தார்கள். யாரோ இன்ஸ்பெக்டர் காதில் விக்டோரியா அருவி என்று ஓதியிருக்கிறார்கள். அதையும் சேர்க்க வேண்டுமாம். அது கென்யாவில் இல்லை, இன்னும் பல நாடு தள்ளித் தெற்கே போக வேண்டும் என்றேன். தூரம் அவரை அசைக்கவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆள் உண்டா, உடுப்பு மாற்ற இடம் உண்டா என்று விசாரித்தார். அந்த அருவிக்குக் கீழே நின்றால் எலும்புகூட மிஞ்சாது, தள்ளி நின்று பார்க்கத்தான் முடியும் என்று விளக்கினேன். அவர் என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"குளிக்க விடாத அருவிய வச்சுக்கிட்டு அந்த ஊர்க்காரன் என்னத்த செய்யுதான்?"

யாருக்கு ஜீப்

காட்டுக்குள் போகிற ஜீப்பில் மேல்கூரை திறக்கும், எல்லாருக்கும் சன்னலோர இடம் கிடைக்கும் என்று சொன்னேன். அதற்குள் முன் இருக்கை யாருக்கு என்று சகலைகளுக்குள் தகராறு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர், ஜீப்பில் முன்னால் உட்கார்ந்தே பழக்கம் என்றார். சுபேதார், தானும் முன்னால் உட்கார்ந்தே பழக்கம் என்றார். அங்கே முன்னால் டிரைவர் உட்காருவார் என்றேன். இருவருக்கும் அது பிடிக்கவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். பெண்களுக்கு ஜீப் வேண்டாம், அவர்கள் தங்குமிடத்திலேயே இருக்கட்டும், அந்தக் காசைக் குறைத்துக்கொள் என்றார். சண்முகத்தாய் இவ்வளவு நேரமும் நான் கொடுத்த படப் புத்தகத்தை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். நால்வரில் அதைப் பிரித்தவர் அவர் ஒருவர்தான். தலையை நிமிர்த்தி என்னிடம், "ஒட்டகச்சிவிங்கி தண்ணி குடிக்கைல ரெண்டு காலையும் அகட்டி வச்சுக்கிட்டுக் குனியுமாமே, அதைப் பாக்க முடியுமாம்மா?" என்றார். பார்க்கலாம் அக்கா, ஆனால் அதற்கு ஜீப்பில் போக வேண்டும் என்றேன். கீழப்பாவூரில் இவருக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த தென்னந்தோப்பு இருக்கிறது. சித்திரை வெயிலிலும் தேங்காய் வெட்டும்போது கூட நின்று பார்ப்பவர் இவர். தோப்புக்குப் பக்கத்து நிலத்துக்காரர்கள் எங்கள் சொந்தக்காரர்கள் என்பதால் எனக்கு அது தெரியும். ஆனால் பதில் சொன்னது அவர் கணவர்.

"அவளுக்கு வெயிலு ஒத்துக்கிடாதும்மா."

நான் நாலு பேருக்கும் ஜீப்பைப் போட்டேன். தனியாகக் கழிக்க வழி கிடையாது, மொத்தக் கட்டணம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னேன். எங்கள் தொழிலில் இப்படிச் சொல்கிற பொய்யெல்லாம் பொய்யில் சேராது. முணுமுணுத்துக்கொண்டே எழுந்த இன்ஸ்பெக்டர் படியிறங்கும்போது சகலையிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "பரவால்ல வேலு, கூட வந்தா பையைப் பாத்துக்கிடுவாளுக."

என்ன உடுப்பு

காட்டில் மண் நிறத்தில் உடுப்புப் போட்டால் நல்லது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய காக்கி பீரோவில் அப்படியே இருக்கிறதாம், தொப்பிதான் தேட வேண்டுமாம். சுபேதார் விடுவாரா? பட்டாளத்தில் போட்ட, பச்சையும் பழுப்பும் கலந்த உடுப்பைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். கென்யாவில் பொதுமக்கள் அந்த மாதிரி உடுப்புப் போடக் கூடாது, போட்டால் போலீஸ் பிடிக்கும் என்றேன். "பிடிச்சா பிடிக்கட்டும், அண்ணாச்சி இருக்காகள்லா" என்று சகலையைக் கைகாட்டினார். அண்ணாச்சியும் தலையாட்டினார். ஆலங்குளத்து இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார் என்றால் நைரோபி அப்படியே எழுந்து நின்று சல்யூட் அடிக்கும் என்று இருவரும் நம்பினார்கள்.

சாமான் விஷயத்திலும் அதே கதைதான். சின்ன விமானத்தில் துணிப்பை மட்டும்தான் ஏற்றுவார்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. சுபேதார் தன் பட்டாளத்து இரும்புப் பெட்டியைப் பற்றியே பேசினார். அதில் அரிசி, மோர் மிளகாய், குக்கர், ஒரு சின்ன அம்மி. விசா வேலை பார்க்கிற ஜாகிர் செங்கோட்டைப் பையன். கேரள எல்லை என்பதால் அக்கா என்று சொல்லாமல் என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவான். அவர்கள் இறங்கிப் போகிறவரைக்கும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "சேச்சி, இவங்களை அங்கன இறக்கி விட்டா, சிங்கம் விசா எடுத்துக்கிட்டு இங்கன வந்துரும்."

பரம்பரை வியாதி

ஆப்பிரிக்கா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். போடாமல் போனால் திரும்பி வரும்போது விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியாக வைத்துவிடுவார்கள். அதற்காக நால்வரையும் வேனில் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் வீரக் கதைதான். இன்ஸ்பெக்டர் அரிவாளோடு வந்தவனை வெறுங்கையால் பிடித்தார். சுபேதார் எல்லையில் குண்டுகளுக்கு நடுவே டீ குடித்தார். பெண்கள் இருவரும் இதையெல்லாம் எத்தனை தடவை கேட்டிருப்பார்களோ, பேசாமல் தூங்கினார்கள்.

அங்கே போனதும் வீரர்கள் இருவரும் மரியாதை தெரிந்தவர்களாகிவிட்டார்கள். "லேடீஸ் முதல்ல போகட்டும்" என்றார்கள். சண்முகத்தாய் கையை நீட்டினார், முகம்கூடச் சுளிக்கவில்லை. பகவதி கண்ணை மூடிக்கொண்டு அக்காள் கையைப் பிடித்துக்கொண்டார், முடிந்தது. அடுத்து இன்ஸ்பெக்டர். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "முட்டை சாப்பிட்டா உடம்புக்கு ஏதாவது செய்யுமா?" என்றார். எதற்குக் கேட்கிறீர்கள் என்றார் இன்ஸ்பெக்டர். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த ஊசி போட மாட்டோம் என்றார் டாக்டர்.

வியர்த்துப் போயிருந்த அந்த முகத்தில் விளக்குப் போட்டது போல ஒரு வெளிச்சம் வந்தது. "முட்டையா? வாசம் பட்டாலே உடம்பெல்லாம் தடிச்சுரும் டாக்டர்!" என்றார். பின்னால் நின்ற சுபேதார், யாரும் கேட்காமலே, "எனக்கும் அதேதான்" என்றார். சகலைகளுக்குள் பரம்பரை வியாதி ஓடுவதை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன். டாக்டர் பேனாவை மூடினார். இருவரும் கதவுப் பக்கம் போய்விட்டார்கள். கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த சண்முகத்தாய், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் கேட்டார்: "முந்தாநாளு குத்தாலத்துல முட்டை புரோட்டாவும் தின்னுட்டு, பத்தலன்னு எனக்கு வாங்குனதையும் சேத்துத் தின்னீயளே, அப்பம் தடிக்கலியா?"

நாலையும் ரத்துப் பண்ணு

ஊசி போட்டுக்கொள்ளாமலே இருவரும் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் அலுவலகம் திறந்ததும் இன்ஸ்பெக்டர் வந்தார். நாலு டிக்கெட்டையும் ரத்துப் பண்ணச் சொன்னார். உங்கள் இரண்டையும் பண்ணுகிறேன், அக்காமார் இரண்டு பேரும் ஊசி போட்டாயிற்றே, அவர்களைக் கேட்க வேண்டாமா என்றேன். மேசையில் தட்டினார். "நாங்க இல்லாம பொம்பளைக ஆப்பிரிக்கா போகவா? ஊரு சிரிக்கும். நான் யாருன்னு தெரியும்லா?" என்றார். தெரியும்; முட்டையைக் கண்டால் தடித்துப் போகிறவர். இதை மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டேன்.

அவர் முன்னாலேயே சண்முகத்தாய்க்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். முதலில் அக்காள் பக்கத்தில் இருந்த பகவதியின் குரல்தான் மெல்லக் கேட்டது: "அக்கா, அத்தான் கோவப்படுவாக. நமக்கெதுக்கு?" இன்ஸ்பெக்டர் ஜெயித்த முகத்தோடு நாற்காலியில் சாய்ந்தார். எத்தனையோ பேர் டிக்கெட்டை ரத்துப் பண்ணியிருக்கிறேன், இதற்கு மட்டும் எனக்குக் கை வரவில்லை. அந்தப் படப் புத்தகத்தை அந்த அம்மா மடியில் வைத்துப் படித்ததே கண்ணில் நின்றது.

பிறகு சண்முகத்தாயின் குரல் வந்தது. நிதானமாக, தோப்பில் காய் எண்ணச் சொல்கிற குரல்.

"இவுகளுக்குப் பயமா இருந்தா வீட்டுல இருக்கட்டும். தோப்புக் காசுல எடுத்த டிக்கெட்டு, ஊசி குத்துன கை இன்னும் வலிக்குது. நானும் தங்கச்சியும் போறோம்மா."

ஆண் சிங்கம்

போனார்கள். துணிப்பை ஆளுக்கு ஒன்று, பருத்திச் சேலை, கான்வாஸ் செருப்பு. தங்கிய இடத்தில் தயிர் கிடைத்தது, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றார்கள். டியானியிலிருந்து ஒரு நாள் சண்முகத்தாயின் குரல் செய்தி வந்தது. பின்னால் அலைச் சத்தம். இருவரும் சேலையோடு கடலில் இறங்கி மத்தியானம் வரை கரையேறவில்லையாம். ஒட்டகச்சிவிங்கி அவர்களை ஏமாற்றிவிட்டது. "தண்ணியே குடிக்கல தாயி, சவம் நின்னுக்கிட்டே இருந்துச்சு" என்றார். சிங்கம் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஜாகிரும் நானும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம்.

"ஆம்பளைச் சிங்கம் நாள் பூரா மல்லாந்து தூங்குது. பொம்பளைச் சிங்கம் ஓடியாடி அடிச்சு இழுத்துட்டு வருது. உடனே இது எந்திரிச்சு வந்து முதல் ஆளாத் திங்குது. பகவதி சொல்லுதா, இதைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்னு."

அண்ணாச்சி பார்த்த சிங்கம்

அவர்கள் திரும்பி வந்த பிறகு ஒரு நாள் இன்ஸ்பெக்டர் மறுபடி மாடியேறி வந்தார். கூட ஓய்வு பெற்ற இன்னொரு போலீஸ்காரர், அவருக்கும் ஆப்பிரிக்கா வேண்டுமாம். இன்ஸ்பெக்டர் என் கண்ணைப் பார்க்காமல், என் நாற்காலிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அவரே விளக்கினார். எந்த மாதம் போக வேண்டும், என்ன பை கொண்டுபோக வேண்டும், மாடு எந்த ஆற்றைக் கடக்கும். ஊசி பற்றிக் கேட்டதற்கு, "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்வே, அவ்வளவுதான்" என்றார். ஜாகிர் எழுந்து வெளியே போய்விட்டான். படிக்கட்டில் அவன் இருமுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. புது வாடிக்கையாளர், சிங்கத்தைக் கிட்டத்தில் பார்க்க முடிந்ததா அண்ணாச்சி என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார்.

"நம்ம ஜீப்புக்கு ஒரு முழந்தான் இருக்கும், வந்து நின்னு மொறைச்சுது, நான் அசையவே இல்லையே!"

ஆகவே, மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களே, இந்த ஊரில் வெளிநாட்டுப் பயணம் என்பது ஆண்கள் திட்டம் போட்டு, பெண்கள் போய் வந்து, மறுபடி ஆண்களே சொல்லி முடிப்பது.