பதினாறாம் நாள் ரவியூல்

சிங்கப்பூரில், புக்கிட் ஹோ சுவீயில் ஹஜ்ஜுப் பெருநாள் அன்று அட்டாப்பு ஓலை வேய்ந்த வீடுகள் எல்லாம் எரிந்தனவே, அதற்கு இரண்டு மூன்று மாதம் முந்தி நடந்தது இது. தேதி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவன். ஆனால் அன்றைக்கு லீவில் வந்து, தேக்காவில் கெர்பாவ் ரோட்டு எங்கள் வீட்டு மாடி ஜன்னலில் நான் ஒற்றை ஆளாக நின்று அந்தப் புகையைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அப்போது வீட்டில் பிள்ளை இல்லை. அதனால் இது அதற்கு முந்திதான்.

நான் அப்போது செம்பவாங் கடற்படைத் தளத்தில், மால்டாத் தீவுக்காரர் ஒருவர் வீட்டில் குக்காக இருந்தேன். அவர் கப்பல் பட்டறையில் ஃபோர்மன். வாரம் முழுக்க அங்கேயே தங்கிச் சமைப்பேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தேக்காவுக்கு வந்து, பெண்டாட்டியையும் மூன்றரை வயதுப் பெண்ணையும் பார்த்துவிட்டுத் திரும்புவேன். என் மகள் என்னை 'ஞாயித்துக்கிழமை அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். மற்ற நாளுக்கு வேறு அப்பா இருக்கிற மாதிரி.

அந்த மால்டாக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை கறி ஆகாது. அவர்கள் வேதத்தில் அப்படி. நம்மிலும் அப்படித்தான் என்று அவர் பெண்டாட்டி மேமிடம் சொன்னேன். நம்பவில்லை. கறி வெட்டச் சோம்பல்பட்டுக் கதை விடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் எனக்குக் கற்றுக்கொடுத்ததுதான் ரவியூல். மாவை அப்பளம் மாதிரித் தேய்த்து, உள்ளே திரித்த பாலின் கட்டியை வைத்து, மூடி, வெந்நீரில் வேகவிட்டு, மேலே தக்காளிக் குழம்பை ஊற்றுவது. கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருஷத்தில் எத்தனையோ தடவை செய்திருப்பேன்.

பெண்டாட்டி காசநோய் கண்டு ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனாள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் அண்ணனும் அவரோடு வேலை பார்த்த துறைமுகத்து ஆட்கள் மூன்று பேரும் பாடையைத் தூக்கினார்கள். நான் பின்னால் நடந்தேன். வழியில் யாரோ கடை வாசலில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எத்தனை மூட்டை என்று எண்ணிக்கொண்டே போனேன். அதுதான் நினைவிருக்கிறது.

அவள் அண்ணன் துறைமுகத்தில் வேலையை முடித்துக்கொண்டு நாகப்பட்டினத்துக்கே திரும்புவதாக இருந்தார். பதினாறாம் நாளைக்கு மறுநாள் கப்பல். பதினைந்தாம் நாள் வந்து உட்கார்ந்து சொன்னார்:

"மாப்ள, பிள்ளைய நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறதா, நீ வச்சுக்கிறதா? ஆம்பளை நீ ஒருத்தனா என்ன செய்வே?"

"மேம் அங்கேயே கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கு, மச்சான். குக் ரூம்ல எங்கூடவே இருக்கும்."

"வெள்ளைக்காரனுக்கு ஆக்கிப் போடுவே. பிள்ளைக்கு ஆக்கிப் போடுவியா? நாளைக்கு உன் கையால சமை. சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

நான் சரி என்றேன்.

எங்கள் பக்கத்தில் காரியம் முடிந்த கையோடு கறி எடுத்துப் போட்டால்தான் துக்கம் கழியும். தூக்கினவர்களுக்கு வயிறு நிறையக் கறிச்சோறு போட வேண்டும். ஆனால் பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமையில் விழுந்துவிட்டது. மறுநாளைக்குத் தள்ளினால் கப்பல். துறைமுகத்து ஆட்கள் கறி இல்லாமல் கை நனைக்காதவர்கள். என்ன ஆக்குவது? எனக்குச் சாம்பார் வைக்கத் தெரியாது. சிரிக்காதீர்கள். வீட்டில் அவள் ஆக்கினாள், நான் தின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைக்காரச் சமையல். மேம் வீட்டிலிருந்து முள்ளுக்கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன், ரவியூல் விளிம்பை அழுத்த.

காலையில் காரியம் முடிந்தது. வீட்டுக்கு வந்து மாவைப் பிசைந்தேன். முட்டை சேர்க்கவில்லை, வெள்ளிக்கிழமை. கொஞ்சம் ரவை கலந்துகொண்டேன். பீர் போத்தலை உருட்டித் தேய்த்தேன். இதை எல்லாம் கை தானாகச் செய்தது. தக்காளிக் குழம்பு மட்டும் மேம் சொன்ன மாதிரி வைக்கவில்லை. சோம்பு, பட்டை, மிளகாய் எல்லாம் வறுத்து அரைத்து, வெங்காயத்தைக் கருகக் கருக வதக்கி, ஆட்டுக்கறிக்கு வைக்கிற மாதிரி வைத்தேன். வாசனையாவது கறி வாசனையாக இருக்கட்டும் என்று.

எதிரே மாட்டுக் கொட்டகையில் நான்கு போத்தல் பால் வாங்கி வைத்திருந்தேன். அது பொங்கி வரும்போது எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டேன். பால் திரிந்து கட்டி கட்டியாக மேலே வந்தது. அந்த நேரம் பார்த்து மச்சான் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன பண்றே?"

"பாலைத் திரிக்கிறேன், மச்சான்."

"தன்னால திரிஞ்சிருச்சா?"

"இல்ல, நான்தான் திரிச்சேன்."

அவர் பிள்ளையைக் கீழே இறக்கவே இல்லை. சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார். நம் வீடுகளில் பால் தானாகத் திரிந்தாலே கெட்ட சகுனம் என்று முகம் சுளிப்பார்கள். வேண்டுமென்று திரிப்பது எங்கேயும் கிடையாது. அதுவும் பெண்டாட்டிக்குக் காரியம் செய்த அன்று, அவள் புழங்கின அடுப்பில். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். நான்கு வருஷமாக இன்னொருத்தர் வீட்டில் திரித்துத் திரித்து மறந்துபோயிருந்தேன். அவர் போன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. கட்டியைத் துணியில் போட்டுப் பிழிந்து, உப்பு, மிளகு, சூப்புக்குப் போடுகிற இலை கொஞ்சம் நறுக்கிச் சேர்த்து, உள்ளே வைத்து, விளிம்பை முள்ளுக்கரண்டியால் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

வாழை இலை போட்டுப் பரிமாறினேன். துறைமுகத்து ஆட்களில் மூத்தவர் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, தலகாணி?"

"உள்ளார என்ன இருக்கு?"

"பாலு" என்றேன்.

"பாலா! வாசனை ஆட்டுக்கறி மாதிரி வருது லா. ஆடு எந்தப் பக்கமாப் போச்சு?"

"ஆடு போகல, எட்டிப் பாத்துட்டுத் திரும்பிடுச்சு. வெள்ளிக்கிழமை இல்ல?" என்றார் இன்னொருவர்.

பதினாறு நாளில் அந்த வீட்டில் அன்றுதான் முதல் சிரிப்பு. தின்றார்கள். முதலில் இடிச்சபுளி மாதிரி உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். என் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் ஒன்றைப் பிய்த்து ஊதிக் கொடுத்தேன். குழம்பு காரம் என்று குழம்பில்லாமல் கொடுத்தேன். ஏழு தின்றாள். "இன்னொண்ணு" என்று கை நீட்டினாள். எட்டாவதைப் பாதி தின்று மீதியை என் வாயில் வைத்தாள்.

மச்சானும் சாப்பிட்டார். மிச்சம் வைக்கவில்லை. கை கழுவிவிட்டு, நான் சட்டி தேய்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார்.

"நல்லா இருந்துச்சு மாப்ள. பொய் சொல்லக் கூடாது. பிள்ளையும் நல்லாத் தின்னுச்சு. உங்கிட்டயே விட்டுட்டுப் போயிரலாம்னுதான் நேத்து வரைக்கும் நெனச்சேன்."

நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா, தாய் போயி பதினாறு நாளு. கைய வச்சு பாலைத் திரிக்கிறே. கேட்டா, ஆமாங்கிறே. உனக்கு ஒண்ணுமே தோணல பாரு. அதான் எனக்குப் பயமா இருக்கு. பொம்பளப் பிள்ளய இந்த வீட்டுல எப்படி விடுவேன்? நான் கூட்டிட்டுப் போறேன்."

அது மேம் சொல்லிக்கொடுத்த பக்குவம், அவள் வீட்டில் வாராவாரம் செய்வது, கெட்டது ஒன்றுமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். சட்டியின் அடியில் பால் பிடித்திருந்தது. அது போகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

"சரி, மச்சான். கப்பல் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

மறுநாள் துறைமுகத்தில் அவள் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றார்கள். நான் எழுப்பவில்லை. அங்கிருந்து நேராகச் செம்பவாங் பஸ் ஏறினேன். சாயங்காலம் மேம் கோழி வாட்டச் சொன்னாள், வாட்டினேன்.

ஒன்றிரண்டு வருஷம் கடிதம் வந்தது, யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மச்சான் இறந்த பிறகு அதுவும் நின்றுவிட்டது. அவளுக்கு வேளாங்கண்ணிப் பக்கம் கட்டிக்கொடுத்ததாகக் கேள்வி. இப்போது அவளுக்கே பேரன் பேத்தி இருக்கும்.

உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால், சிங்கப்பூரில் பிறந்து, மூன்றரை வயதில் மாமன் தோளில் கப்பலில் வந்த பெண் யார் என்று விசாரியுங்கள். கண்டால் சொல்லுங்கள்: உன் அப்பன் 'சரி' என்று சொன்னது சம்மதித்துச் சொன்னது இல்லை. அன்றைக்கு அவன் வாயில் வேறு வார்த்தை இல்லை. நீங்கள் போகாவிட்டால், போகிறவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.