மூன்றாம் வெள்ளி நான் விட்ட குளிசை

படித்த எனக்கு அந்தக் குளிசையை, ஒரு சின்ன மாத்திரையை, போடாமல் விட எப்படி மனம் வந்தது?

2000 மாசியில், விசுவமடுவில் வகுப்பில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு நின்றபோது திடீரென்று தலை பிளப்பதுபோல் இடித்தது. விழுந்துவிட்டேன். மூளையில் ஒரு இரத்தக்குழாய் குமிழாக ஊதிக் கசிந்திருந்தது. வவுனியா, கொழும்பு என்று அலைந்து, கடைசியில் சென்னையில் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்தக் குமிழைப் பிளாட்டினக் கம்பிச் சுருள்களால் அடைத்தார்கள். மகளுக்கு அப்போது இரண்டு வயது. "அம்மாளே, என்னைப் பிள்ளையிட்டக் கொண்டுபோய் விடு. ஆறு வெள்ளி பச்சைத் தண்ணியும் குடியாமல் விரதம் இருப்பன்" என்று அம்மனுக்கு நேர்ந்தேன்.

அம்மாள் கொண்டுவந்து விட்டாள். விரதம் தொடங்கினேன். இரத்த அழுத்தம் ஏறாமலிருக்க நாள்தோறும் காலையில் குளிசை போடச் சொல்லியிருந்தார்கள். குளிசைக்குத் தண்ணீர் வேண்டுமே! வெள்ளிகளில் விட்டேன்.

"குளிசை போட்டனீரே பிள்ளை?" என்று மாமி கேட்டா.

"ஓம் மாமி." பொய்தான்.

மூன்றாம் வெள்ளி மத்தியானம் அதே தலையிடி. சுருள் விலகிவிட்டது, மகள் இனித் தாயில்லாப் பிள்ளை என்றே நினைத்தேன். கணவர் என்னைச் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். வழி முழுக்க அம்மாளைக் கூப்பிட்டேன். பிரஷர் பார்த்த நேர்ஸ் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"அம்மாள் உங்களிட்டக் குளிசையையோ காணிக்கை கேட்டவா, ரீச்சர்?" என்று ஏசினா.

அவ தந்த குளிசையை அழுதுகொண்டே விழுங்கினேன். பின்னேரம் தலையிடி தணிந்தது. ஆனால் சுருள் அசைந்ததா என்று கொழும்பில் படம் எடுத்தால்தான் தெரியும். வன்னியை விட்டு வெளியே போவதற்கான அனுமதிப் பாஸ் எனக்கு இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்தது; நானும் அம்மாள் காப்பாள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது அதையே கேட்டு மன்றாடினேன். அடுத்த கிழமை பாஸ் வந்தது.

கொழும்பில் படத்தைப் பார்த்த வைத்தியர், குமிழ் அடைபட்டபடியே இருக்கிறது என்றார். வாய்விட்டு அழுதேன். ஆனாலும் சுருள் நாளடைவில் இறுகி இடைவெளி விழலாம், பிரஷரைக் கவனித்து அடுத்த வருடமும் வரவேண்டும் என்றார்.

இப்போது விளக்கேற்றியதும் குளிசை போடுகிறேன். மாமிக்குப் பொய் சொல்வதில்லை. அம்மாளை நம்புங்கள், அவள் காட்டும் வைத்தியரையும் நம்புங்கள்.

ஒரு மனக்குழப்பம். குளிசையோடு ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் விரதம் விரதமாகுமா? ஆஸ்பத்திரியில் குளிசை விழுங்கிய அந்த மூன்றாவது வெள்ளி கணக்கில் சேருமா? மருந்து எடுத்துக்கொண்டே நேர்த்தி முடித்தவர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.